லொரெட்டாவின் பித்தளை ஏன் மின்னுகிறது?

ஏப்ரல் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை மாலை, டன்மோர் துப்பாக்கிக் கழக மைதானத்தில், டெல்மர் குவிஸ்ட் தன் மடக்கு நாற்காலியையும் தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு எட்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். நடந்தது அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை காபிக்கடையில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. பத்தொன்பது வருடமாக டெல்மர் உட்கார்ந்திருந்தது ஆர்வின் ஹௌகனின் முதுகுக்குப் பின்னால். இப்போது உட்கார்ந்தது லொரெட்டா பிஷோனின் முதுகுக்குப் பின்னால்.

எட்டடிக்கு இவ்வளவு பேச்சு ஏன் என்றால், இங்கே சுடுகிற முறை அப்படி. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வகைத் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, உள்ளே கருமருந்து. இலக்கு, எருமை உருவத்தில் வெட்டி நிறுத்திய இரும்புத் தகடு. கடைசி எருமை எண்ணூறு கஜம் தள்ளி நிற்கும். குண்டு போய்ச் சேர மூன்று விநாடி ஆகும். பட்டால் ‘டங்’ என்ற சத்தம் திரும்பி வர இன்னும் இரண்டு விநாடி. அந்த மூன்று விநாடிக்குள் கிழக்கு மொன்டானாவின் காற்று குண்டை எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடும். அதனால் சுடுகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ஸ்பாட்டர் இருப்பார். புல் எந்தப் பக்கம் சாய்கிறது, கானல் எப்படி ஓடுகிறது என்று தொலைநோக்கியில் பார்த்து, “இடது ரெண்டு”, “வலது ஒண்ணு” என்று காதில் சொல்வார். சுடுகிறவர் அந்த அளவுக்குக் குறிமுள்ளைத் திருப்பிவிட்டு விசையை இழுப்பார். நல்ல ஸ்பாட்டர் கிடைப்பது சுலபம் இல்லை. டெல்மர் நாற்பது வருடம் காற்றாலைப் பம்புகளில் ஏறி இறங்கி ரிப்பேர் பார்த்தவர். காற்று நினைப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும் என்பார்கள்.

ஆர்வினுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் தானியக் கிடங்கில் எடைமேடை பார்க்கிறார். கோதுமை லாரி மேடையில் ஏறினால் ஒரு தடவை எடை பார்ப்பார், இறங்கி ஏறச் சொல்லி இன்னொரு தடவை பார்ப்பார். ஓட்டுநர் ஈரப்பதம் இத்தனை என்று சொன்னால், “நிச்சயமா?” என்பார். இருபத்தேழு வருடத்தில் அவர் எடையில் ஒருவரும் குறை சொன்னதில்லை. சர்ச்சில் பாதிரியார், “அடுத்த ஞாயிறு ஈஸ்டர்” என்று அறிவித்தபோதும் முதல் வரிசையிலிருந்து “நிச்சயமா?” என்று ஒரு குரல் வந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. அவர் மனைவி வெர்னா அதை மறுக்கவில்லை.

லொரெட்டா கிராமத்துத் தபால்காரர். தன் சொந்த ஜீப்பில் தினம் தொண்ணூற்று நான்கு மைல் சரளை ரோட்டில் தபால் போடுகிறவர். துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது. முதல் வருடம் எருமை மேல் படுவதைவிட எருமைக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் அதிகம் பட்டது. இப்போது அப்படி இல்லை.

டெல்மர் ஏன் இடம் மாறினார்? ஊர் உடனே காதல் என்றது. டெல்மர் மனைவியை இழந்தவர், லொரெட்டா கணவனை அனுப்பிவைத்தவர். ஆர்வின் இதை நம்பவில்லை.

“காதல்னா மன்னிச்சிருப்பேன்,” என்றார் வெர்னாவிடம். “அது காதல் இல்ல. பித்தளை.”

விஷயம் இதுதான். கருமருந்துத் தோட்டா வெடித்தபின் மிஞ்சுகிற பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பி மறுபடி சுடலாம். ஆனால் உள்ளே அடுப்புக்கரி மாதிரி அழுக்கு அப்பியிருக்கும். அன்றைக்கே கழுவாவிட்டால் பச்சை பூத்து, அரித்து, கூடு வீணாகிவிடும். அதனால் சுடுகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சோப்புத் தண்ணீர் ஜாடி இருக்கும். சுட்ட கூடு சூடு ஆறும் முன் அதில் விழும். வீட்டுக்குப் போனதும் ஒரு சுழல் எந்திரத்தில் மணிகளோடு போட்டு மணிக்கணக்கில் உருட்டி எடுப்பார்கள். யார் எந்த எந்திரம் வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே யார் எந்த டிராக்டர் வைத்திருக்கிறார்கள் என்பது போன்ற செய்தி.

டெல்மர் நாற்காலியைத் தூக்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, லொரெட்டாவின் ஜாடிப் பக்கத்தில் கிடந்த ஒரு கூட்டைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அடேங்கப்பா, இதுல முகம் பாத்து சவரம் பண்ணலாம் போலிருக்கே!” என்றார். ஆர்வின் காதில் அது விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் ஆர்வினின் பித்தளையைப் பார்த்து டெல்மர் எதுவும் சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பளபளப்புக்கும் குறிக்கும் சம்பந்தமே இல்லை. கூடு சுத்தமாக இருந்தால் போதும், மின்னத் தேவையில்லை. இதை ஆர்வினே எத்தனையோ புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். பொறாமை அந்த வகுப்புக்கு வரவில்லை.

“ஃபோன் பண்ணி, ஏன்டா போனன்னு கேக்க வேண்டியதுதானே?” என்றார் வெர்னா, பாத்திரம் துடைத்தபடி.

“கேக்க வேண்டியதில்ல. தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அவகிட்ட நல்ல மெஷின் இருக்கு. அவ கூடெல்லாம் ஒரே மாதிரி சுத்தமா இருக்கு. கூடு ஒரே மாதிரி இருந்தா சுடறது ஒரே மாதிரி இருக்கும். ஸ்பாட்டருக்கு வேலை சுலபம். போயிட்டான்.”

“பத்தொம்பது வருஷம் உனக்குப் பின்னால ஒக்காந்து உன் முதுகையே பாத்தவன், ஒரு மெஷினுக்காகப் போனானா?”

“ஆமா.”

“நிச்சயமா?” என்றார் வெர்னா. அவருக்குச் சிரிப்பு. ஆர்வினுக்குப் புரியவில்லை.

ஜூன் மாத மூன்றாவது சனிக்கிழமை பெரிய போட்டி. ஐந்து எருமை, ஒவ்வொன்றுக்கும் எட்டு குண்டு. அதற்குள் டெல்மர் ஆர்வினின் முதுகுக்குப் பின்னால் திரும்பி வந்தாக வேண்டும். அதற்கு லொரெட்டாவுடையதைவிட நல்ல எந்திரம் வேண்டும். ஒன்பது வாரம் இருந்தது. ஆர்வின் கணக்கு அப்படி.

அவரிடம் இருந்தது ஒரு பழைய அதிர்வுக் கிண்ணம். பொடித்த சோளக்கதிர்த் தக்கையைக் கொட்டி, கூடுகளைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினால் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும். இந்தக் காலத்து மருந்துத் தோட்டாவுக்கு அது போதும். கருமருந்துக் கரிக்கு அது முகத்தில் பவுடர் பூசுகிற மாதிரி. வெளியே மினுக்கும், உள்ளே அழுக்கு அப்படியே. போதாததற்கு ஏப்ரல் கடைசியில் அதன் மோட்டார் புகைந்து நின்றது. ஆர்வின் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பண்ணைச் சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரர் டுவைட் அதை மோந்து பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்ன உருளையை இறக்கினார். உள்ளே ரப்பர் பூசிய ஆறுபக்க டப்பா. இரண்டு கம்பி மேல் கிடந்து உருளும். தண்ணீர், சோப்பு, பீங்கான் மணி போட்டு மூடினால் வேலை முடிந்தது.

“எத்தனை வருஷம் தாங்கும்?”

“ஆயுசுக்கும் தாங்கும்.”

“யாரோட ஆயுசுக்கு?”

“மோட்டாரோட ஆயுசுக்கு,” என்றார் டுவைட்.

“நிச்சயமா?”

“ஆர்வின், எனக்கு என் பொண்டாட்டி வீட்டுக்கு வருவாளான்னே நிச்சயம் இல்ல. வாங்கறியா இல்லையா?”

வாங்கினார். முதல் தடவை நன்றாகத்தான் வந்தது. லொரெட்டாவுடைய பளபளப்பு இல்லை, ஆனால் சுத்தம். இரண்டாவது தடவைக்கு ஆர்வின் ஒரு யோசனை செய்தார். தண்ணீரில் ஒரு சிட்டிகை புளிப்பான எலுமிச்சை உப்பு போட்டால் பித்தளை நன்றாக வெளுக்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஒரு சிட்டிகைக்கே வெளுக்கிறது என்றால் மூன்று கரண்டிக்கு? வெர்னா தக்காளி பாட்டிலில் அடைக்க வைத்திருந்த உப்பிலிருந்து மூன்று கரண்டி எடுத்துப் போட்டு, எந்திரத்தை ஓடவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார். அன்றைக்குப் பொது விருந்து. உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் நான்கு வகை, ஜெல்லி மூன்று நிறம். ஆர்வின் இரண்டு தட்டு சாப்பிட்டார். அவர் முதல் தட்டில் இருந்தபோதே வீட்டில் எந்திரத்தின் பட்டை அறுந்தது. உருளை நின்றது. அறுபது கூடுகள் ஐந்து மணி நேரம் புளிப்புத் தண்ணீரில் அசையாமல் ஊறின.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது. புளிப்பு அதிகமானால் துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவிடும். ஆர்வின் மூடியைத் திறந்தபோது அறுபதும் ரோஸ் நிறத்தில் இருந்தன. பிறந்த பன்றிக்குட்டி நிறம்.

வேறு கூடு கைவசம் இல்லை. வியாழக்கிழமை அவற்றில் இருபதை நிரப்பிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். மற்றவர்கள் பார்க்காதபடி பெட்டியைத் துண்டால் மூடியே வைத்திருந்தார். மூன்றாவது குண்டுக்குப் பிறகு எட்டடி தூரத்திலிருந்து டெல்மரின் குரல் வந்தது.

“ஆர்வின், ரோஸ் கலரா? யாருக்குடா கல்யாணம்?”

வரிசை முழுக்கச் சிரித்தது. லொரெட்டா மட்டும் சிரிக்காமல், “அடுத்த தடவை உப்பைக் கொறைச்சுப் போடுங்க, ஆர்வின். ஒரு சிட்டிகை போதும்,” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அன்று ஆர்வின் பின்னால் யாரும் இல்லை. இருபதில் ஆறு பட்டது.

மூன்றாவது எந்திரத்துக்கு அவர் கடைக்கே போகவில்லை. கடையில் விற்பதெல்லாம் பொம்மை என்று முடிவு செய்து, கொட்டகையிலிருந்த சிமென்ட் கலவை எந்திரத்தை இழுத்து வந்தார். வேலித் தூணுக்குக் குழி நிரப்ப வாங்கியது. உள்ளே கம்பளத்துண்டு ஒட்டி, தண்ணீர் ஊற்றி, கூடுகளைக் கொட்டி ஓடவிட்டார். நீடித்து உழைப்பதில் அதற்கு ஈடு கிடையாது. கடைசிவரை பழுதாகவில்லை. பழுதானது மற்றதெல்லாம். பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் கட்டிலடியை விட்டு வரவில்லை. வெர்னா துணி காயப்போடுகிற கொடியை வீட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றினார். எந்திரம் கூடுகளை மேலே தூக்கித் தூக்கிப் போட்டதில், ஒவ்வொரு கூட்டின் வாயும் சுத்தியால் தட்டினது போல மடங்கியிருந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அரத்தால் ராவினார்.

“உனக்குத் தெரிய வேண்டியது அவ மெஷின் எதுங்கறதுதானே?” என்றார் வெர்னா. “போய்ப் பாரு.”

“எப்படிப் போறது? வேவு பாக்க வந்தேன்னு சொல்லியா?”

வெர்னா தோட்டத்தில் இறங்கி, இனிப்புப் பண்டத்துக்குப் போடுகிற புளிப்பு ரூபார்ப் தண்டு ஒரு கை நிறைய ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மே மாதக் கடைசியில் டன்மோரில் யார் வீட்டுக்கு யார் ரூபார்போடு போனாலும் ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள். அது அவ்வளவு விளையும்.

லொரெட்டா கராஜில் இருந்தார். ஜீப்பின் அடியிலிருந்து கால் மட்டும் தெரிந்தது. ஆர்வினுக்கு வசதியாகப் போனது. மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். மான் கறி வைக்கிற பெரிய ஃப்ரீசர். பனிக்கால டயர்கள். சுவரோரம் பழைய ஷாக் அப்சார்பர்கள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. தோட்டா நிரப்புகிற மேசை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதன் மேல் ஒரு தட்டில் பித்தளைக் கூடுகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஆர்வினின் மூக்கு தெரிந்தது. எந்திரம் மட்டும் எங்கும் இல்லை.

“ரூபார்பா?” லொரெட்டா அடியிலிருந்து நழுவி வெளியே வந்தார். “என்கிட்டயே ரெண்டு வாளி இருக்கு. வையுங்க. எதைத் தேடறீங்க?”

“சும்மா... எங்க வெச்சிருக்கீங்க?”

“எதை?”

“மெஷினை.”

“அதுவா?” லொரெட்டா கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பைத் தட்டினார். “இதோ, இதான். இதுக்கு இப்ப ஷாக் மாத்திட்டிருக்கேன்.”

கேலி செய்கிறார் என்று ஆர்வின் நினைத்தார். சொல்ல விருப்பமில்லை, அதனால் சிரித்து மழுப்புகிறார். வீட்டுக்குள், படுக்கையறையில் எங்காவது பூட்டி வைத்திருப்பார். நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்த ராத்திரி பித்தளைத் தட்டு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தபால் ஜீப் கிடங்கு வாசலில் வந்து நிற்கும். ஆர்வின் எடைமேடை ஜன்னலைத் திறந்து வைத்தார். ஜீப் ரோட்டிலிருந்து திரும்பியது. நின்றது. நின்ற பிறகும் அதற்குள் ஏதோ ஒன்று உருண்டு முடித்து நின்றது. *களக்... களக்... களக்.*

ஆர்வின் லாரியை மேடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

“என்ன சத்தம் அது?”

“சொன்னேனே,” என்று லொரெட்டா இறங்கிப் பின்கதவைத் திறந்தார். தபால் தட்டுகளுக்குப் பின்னால், இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில், ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடி படுத்திருந்தது. மதுக்கடையில் வெள்ளரி ஊறுகாய் வருகிற ஜாடி. லேபிளில் பாதி இன்னும் ஒட்டியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர், பீங்கான் மணி, நாற்பது கூடு.

“சனிக்கிழமை சுட்டது. முதல் வருஷம் ஒரு தடவ ஜாடியை வண்டியிலேர்ந்து எறக்க மறந்துட்டேன். பின்னாலயே கிடந்துது. சாயங்காலம் தொறந்து பாத்தா தங்கம் மாதிரி இருந்துது. இந்த ரோடு இருக்கே, அலை அலையா, பல்லு ஆடற மாதிரி. தொண்ணூத்தி நாலு மைல். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருளும், தூக்கிப் போடாது. ஆறு வருஷமா இதே ஜாடிதான்.”

ஆர்வின் ஜாடியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மோட்டார் கிடையாது, பட்டை கிடையாது, அறுந்துபோக ஒன்றுமே கிடையாது. ஆறு வருடம்!

“நிச்சயமா?” என்றார்.

லொரெட்டா கதவை மூடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். “டெல்மர் சொன்னது சரிதான்,” என்றார்.

“என்ன சொன்னான்?”

“அவர்கிட்டயே கேளுங்க. உங்களுக்கு ரெண்டு தபால், ஒரு விதைப் புத்தகம்.”

ஆர்வின் அங்கிருந்தே நேராகக் காபிக்கடைக்குப் போய் டெல்மர் எதிரில் உட்கார்ந்தார். ஆறு வாரத்தில் முதல் தடவை. டெல்மர் தான் தின்றுகொண்டிருந்த ஆப்பிள் பை தட்டை நடுவில் தள்ளி ஒரு முள்கரண்டியும் கொடுத்தார். அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை.

“அவ மெஷினைப் பாத்தேன்,” என்றார் ஆர்வின்.

“மெஷினா? ஊறுகா ஜாடிடா அது.”

“அதுக்காகத்தான் போனேன்னு நெனச்சேன்.”

டெல்மர் மென்றதை முழுங்கினார். “ஜாடிக்காகவா? உனக்கு மூள கீள கழண்டு போச்சா?”

“பின்ன எதுக்கு?”

“போன ஜூன்ல நாப்பது குண்டு சுட்ட. நாப்பது குண்டுக்கு அறுபத்து மூணு தடவ ‘நிச்சயமா’ன்னு கேட்ட. நான் எண்ணினேன். கையில கவுன்ட்டர் வெச்சிருந்தேன், கோதுமை லாரி எண்றது.”

“ஒரு வார்த்தைதானே?”

“நான் ‘இடது ரெண்டு’ம்பேன். நீ ‘நிச்சயமா’ம்ப. நான் ‘நிச்சயம்’பேன். அதுக்குள்ள காத்து மாறிடும். நீ சுடுவ. வலதுல போவும். ‘நீ ரெண்டுன்னியே’ம்ப. பத்தொம்பது வருஷம், ஆர்வின். லொரெட்டாகிட்ட ரெண்டுன்னா ரெண்டு. தப்பாப் போனா ‘சரி, அடுத்தது’ன்னு சொல்லுவா. எனக்கு அது போதும்.”

“என்கிட்ட நீ சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னால, இதே மேசைல.”

“நான் என்ன சொன்னேன்?”

“நிச்சயமான்னு கேட்ட.”

ஆர்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வெளியே யாரோ லாரியின் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். எடைமேடையில் விட்டு வந்த லாரி.

“ஜூனுக்குத் திரும்பி வர்றியா?”

“வரல. அவகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்,” என்றார் டெல்மர். பிறகு, “பை மிச்சத்தைச் சாப்பிடு,” என்றார்.

போட்டிக்கு மூன்று வாரம். புது ஸ்பாட்டரைத் தேடி ஆர்வின் ஊரில் நான்கு பேரைக் கேட்டார். நான்கு பேருக்கும் அந்தச் சனிக்கிழமை வேறு வேலை இருந்தது. ஒருவருக்கு என்ன வேலை என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் வெர்னா தொலைநோக்கியை மேசையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“உனக்குக் காத்து பத்தி என்ன தெரியும்?”

“முப்பத்தொரு வருஷமா இந்த ஊர்ல துணி காயப்போடறேன்,” என்றார் வெர்னா. “உன் பேன்ட் எந்தப் பக்கம் பறக்கும்னு கொடியில போடறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்.”

ஜூன் மூன்றாவது சனிக்கிழமை காற்று மேற்கிலிருந்து அடித்தது. சீராக அடிக்கவில்லை, விட்டு விட்டு அடித்தது. சுடுகிறவர்களுக்கு விரித்த பாய்களில், லொரெட்டாவும் டெல்மரும் பக்கத்துப் பாயில் இருந்தார்கள். போட்டி முடிவுகளைப் பத்திரிகைக்குக் குறித்துக்கொள்ள நான் இரண்டு பாய்க்கும் நடுவில் நின்றிருந்தேன். அதனால் கேட்டதைச் சொல்கிறேன்.

முதல் எருமை. வெர்னா, “இடது ரெண்டு,” என்றார்.

“நி...” என்றார் ஆர்வின். வாயை மூடினார். தாடை மட்டும் அசைந்தது. குறிமுள்ளைத் திருப்பிச் சுட்டார். புகை கலைந்து, சில விநாடி கழித்து, ‘டங்’.

அன்றைக்கு அந்த “நி” பதினோரு தடவை வந்தது. ஒரு தடவைகூட முழுதாக வெளியே வரவில்லை. நான்காவது எருமைக்கு வெர்னா, “மூணு. இல்ல, பொறு... பொறு... காத்துக்கொடி தொங்குது. ஒண்ணு. இப்ப!” என்றார். ஆர்வின் சுட்டார். ‘டங்’. சத்தம் வந்ததும் அவர் இலக்கைப் பார்க்கவில்லை, எட்டடி தள்ளி டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து லொரெட்டாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்வின் சுட்ட கூட்டை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டார். ஓங்கித்தான் போட்டார், என் சட்டையில் தெறித்தது.

நாற்பதில் லொரெட்டாவுக்கு இருபத்தாறு. ஆர்வினுக்கு இருபத்து நாலு. டெல்மரோடு இருந்த பத்தொன்பது வருடத்தில் அவர் எடுத்ததெல்லாம் அதற்குக் கீழே.

முடிந்ததும் லொரெட்டா வந்து கையை நீட்டினார். “உங்க ஜாடியைக் குடுங்க. என் ரூட்ல போட்டுக் கொண்டாறேன். பின்னால எடம் இருக்கு.”

ஆர்வின் ஜாடியைத் தூக்கினார். உள்ளே நாற்பது கூடு, போட்டிக்குப் புதிதாக வாங்கியது இருபத்தெட்டு, பழைய ரோஸ் பன்னிரண்டு. கொடுத்தார். பிறகு ஓடிப்போய் நீல டேப் எடுத்து வந்து, மூடியில் ஒட்டி, “இது என்னுது,” என்றார்.

“ரோஸைப் பாத்தா தெரியாதா?” என்றார் லொரெட்டா.

அப்போதுதான் டெல்மர் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தார். ஆர்வினைத் தாண்டி நேராக வெர்னாவிடம் போனார். “நாலாவது எருமைக்குக் காத்து ஓய்ஞ்சதை எப்படிப் பிடிச்ச, வெர்னா? நான் தவற விட்டேன். என் கண்ணுல படவே இல்ல!” பிறகு திரும்பி, “லொரெட்டா, அடுத்த வருஷம் என் முட்டி தாங்கறது சந்தேகம். இவளைக் கேளு,” என்றார்.

“கேக்கலாமா?” என்றார் லொரெட்டா. உடனே வெர்னாவைப் பார்த்தார். “வர்றீங்களா?”

வெர்னா பதில் சொல்வதற்குள் ஆர்வின் நடுவில் வந்துவிட்டார். “அவ என் ஸ்பாட்டர்.”

“நிச்சயமா?” என்றார் வெர்னா.

டெல்மர் சிரித்த சிரிப்பில் தொலைநோக்கி கீழே விழுந்தது. ஆர்வின் சிரிக்கவில்லை. காதுவரை சிவந்திருந்தார். “நிச்சயம்,” என்றார். பிறகு வெர்னாவின் மடக்கு நாற்காலியைத் தூக்கி, லொரெட்டாவின் பாயை விட்டு விலகி, தன் பாய்க்கு மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டார். எட்டடி இருக்கும். பார்த்தார். திருப்தி இல்லை. இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டார்.